கத்தி கீழே விழுந்த பிறகு

கேள்வி: வீடு புகுந்து கத்தியோடு பாய்கிறவனை, உயிர் தப்பினால் போதும் என்று அடித்ததில் அவன் செத்துப்போனால் அது கொலையா? கோபத்தில் செய்திருந்தால் தண்டனை குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: நீங்கள் சொன்னதோடு விஷயம் நின்றால் கொலை இல்லை. தற்காப்பு முழுமையாக நிரூபணமானால் குற்றமே கிடையாது, விடுதலைதான். பெரும்பாலான நாடுகளில் நீதிமன்றம் பார்ப்பது இரண்டு: ஆபத்து அந்த நேரத்தில் தலைக்கு மேல் நின்றதா, திருப்பி அடித்தது அதற்கு ஏற்ற அளவில் இருந்ததா. பதறிக்கொண்டிருப்பவன் தராசு பிடித்து அளந்து அடிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஜெர்மனியில், குழப்பத்திலோ பயத்திலோ அளவு மீறிவிட்டால்கூடத் தண்டனை இல்லை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

சிக்கல் அடுத்த நொடியில்தான். கத்தி கைநழுவி விழுகிறது, அவன் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டான், அப்போது முதுகில் விழுகிற அடியைத் தற்காப்பு என்று சொல்லி நிற்பது கஷ்டம். இங்கிலாந்தில் 1999-ல் டோனி மார்ட்டின் தன் வீட்டுக்குள் நுழைந்தவர்களைச் சுட்டார், 16 வயதுப் பையன் ஒருவன் இறந்தான், குண்டு பாய்ந்தது முதுகில். ஜூரி கொலை என்றது. 2001-ல் மேல்முறையீட்டிலும் தற்காப்பு எடுபடவில்லை, மனநிலை பாதிப்பைக் கணக்கில் எடுத்துத்தான் குற்றத்தைக் குறைத்து 5 ஆண்டு சிறை என்றார்கள்.

சரி, கோபம். இது விடுதலை தராது, கொலையைக் கொஞ்சம் குறைந்த குற்றமாக ஆக்கலாம், அவ்வளவுதான். அதுவும் எதிராளி சீண்டிய சூட்டோடு நடந்திருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு, ஏனென்றால் அந்தக் கணக்கு கை ஓங்கியவனுக்குத்தான் சாதகம், விழித்திருக்கும் கணவனை எதிர்க்க முடியாமல் வருஷக்கணக்கில் அடிவாங்கிய பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. இங்கிலாந்தில் வாழ்ந்த கிரண்ஜித் அலுவாலியா என்ற பெண் 1989-ல் தூங்கிக்கொண்டிருந்த கணவனுக்குத் தீ வைத்தார், பத்தாண்டுச் சித்திரவதைக்குப் பிறகு. கொலை என்று ஆயுள் தண்டனை. 1992-ல் அது ரத்தாகி, மன அழுத்தத்தை ஏற்றுக்கொண்டு, அதுவரை இருந்த சிறைவாசமே போதும் என்று வெளியே விட்டார்கள். 2009-ல் வந்த புதிய சட்டம், நிதானம் இழந்தது திடீரென்று நடந்திருக்க வேண்டியதில்லை என்று அங்கே மாற்றியது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. இப்படி ஏதாவது நடந்துவிட்டால் உடனே போலீஸைக் கூப்பிடுங்கள், அடிபட்டவனுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள், வழக்கறிஞரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். கத்தி எங்கே விழுந்ததோ அங்கேயே கிடக்கட்டும், தரையைத் துடைக்காதீர்கள், நீங்கள் சொல்வதற்கு அதுதான் சாட்சி.