வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள்

அன்புள்ள மேடம்,

ஐந்து வருடமாக ஒரு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன், பொருளாதாரம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்குக்கு எங்கள் துறை தர வேண்டிய ஆவண வேலை முழுக்க என் தலையில்தான். அதைப் பார்த்த ஒருவர் ‘நீங்கள் உயர்கல்வி ஆலோசகராகப் போகலாமே’ என்கிறார். அப்படி ஒரு தொழில் இருக்கிறதா? அதற்கு என்ன படிக்க வேண்டும்?

ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

இருக்கிறது. பதினான்கு வருடமாக என் வீட்டில் அடுப்பெரிவது அதில்தான். தனிப் பட்டம் எதுவும் தேவையில்லை, உங்கள் பொருளாதாரமே போதும். ஆனால் இந்தப் பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன, எதற்குள் போகிறீர்கள் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கோப்பு தயாரித்துக் கொடுப்பது. நாக்கின் ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஆவணம், எடுத்த இடம் பதிந்த ஜியோடேக் போட்டோ, ஆய்வுக் குழு வந்தால் அதற்குள் பெயின்ட். பணம் புரள்வது இதில்தான். ஆரம்பத்தில் ஒரு கல்லூரியில், நடக்காத கருத்தரங்குக்கு அறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். மறுத்தேன், பாக்கித் தொகை இன்றுவரை வரவில்லை. இன்று கேட்டாலும் மறுப்பேன். நாக்கின் மதிப்பீட்டை நம்பித்தான் யாரோ ஒரு அப்பா வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டுகிறார்.

இன்னொன்று, கல்லூரிக்கு உண்மையில் என்ன கோளாறு என்று பார்ப்பது. செயற்கை நுண்ணறிவில் பி.எஸ்சி. தொடங்கினால் சேர்க்கை கூடுமா என்று கேட்க ஒரு தாளாளர் கூப்பிட்டிருந்தார். நான் முதலாமாண்டு வருகைப் பதிவேடுகளை வாங்கி இரண்டு நாள் புரட்டினேன். கடைசியான ஐந்தாவது ஹவர் கட்டத்தில் மட்டும் வரிசையாக ‘ஏ’, அதாவது ஆப்சென்ட், அதுவும் திரும்பத் திரும்ப அதே பெயர்கள், பெரும்பாலும் பெண்கள். விசாரித்தால், அவர்கள் ஊருக்கு டவுன் பஸ் 3.20க்கு, அதை விட்டால் ஆறு மணிக்குத்தான், வகுப்பு முடிவதோ 3.30க்கு! அப்புறம் வருகை 75 சதவீதம் வராமல் போய், அந்தக் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கும் கண்டோனேஷன் கட்டணம் கட்ட முடியாமல், அப்படியே நின்றுவிடுகிறார்கள். காலையில் அரை மணி முன்னதாகத் தொடங்கச் சொன்னேன். அடுத்த வருடம் முதலாமாண்டில் படிப்பை விட்டு நின்றவர்கள் இரண்டே பேர்.

மாநில அளவிலும் இதே கேள்விதான், யார் எந்த இடத்தில் கழன்று போகிறார்கள் என்பது. கல்வியாளர் மு. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2007இல் பொறியியல் நுழைவுத் தேர்வு போனபோது, கோச்சிங்குக்கு வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்தது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டுச் சராசரி 28.4. எனக்குப் பெருமைதான். ஆனால் நடுவில் யார் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று அந்த எண் சொல்லாது. அதைத் தோண்ட ஆள் வேண்டும், உங்களைப் போல வகுப்பறைக்குள் நின்று பார்த்தவர்கள் வேண்டும்.

சரி, வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு வருடம் வருமானம் ஒழுங்காக வராது, கல்லூரிகள் பில்லை மாதக்கணக்கில் இழுப்பார்கள். இப்போதைக்கு உங்கள் துறையில் இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்தவர்களின் பட்டியலை எடுங்கள், இன்று மூன்றாமாண்டில் இல்லாதவர்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கேட்டதை நான்கு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பேசுவோம்.