சன்னல் இடுக்குகளை உட்புறமிருந்து அடைப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கண்ணாடியில் விரிசல் இல்லை, கதவும் சரியாகவே மூடுகிறது. ஆயினும் சன்னலோரம் குளிர்காற்று படுகிறது. வரும் வழியை எவ்வாறு கண்டறிவது?

பதில்: காற்று பலமாக வீசும் நாளில் எல்லாச் சன்னல்களையும் மூடி, எரிவாயுக் கருவிகளை அணைத்துவிட்டு, சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் விசிறிகளை ஓடவிடுங்கள். உள்ளே அழுத்தம் சற்றே குறைவதால், வெளிக்காற்று இடுக்குகளின் வழியே இழுக்கப்படும். திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, புகையும் ஊதுபத்தி ஒன்றைச் சட்டத்தைச் சுற்றி மெதுவாக நகர்த்தினால், நேராக எழும் புகை கலைகிற இடமே கசிவு. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே விட்ட சந்து, மேலே அடித்த மெல்லிய மரப் பலகைப் பட்டைக்குப் பின்னால் பல வீடுகளில் அடைபடாமலேயே கிடக்கிறது.

கேள்வி: பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். விரல் நுழையும் அளவுக்குச் சந்து. உள்ளே திணித்த கண்ணாடி இழைப் பஞ்சு கறுத்திருக்கிறது. ஈரமா? ஃபோம் (விரிந்து இறுகும் நுரை) அடித்துவிடலாமா?

பதில்: தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் அநேகமாக அது தூசியின் கறுப்பு. பஞ்சு காற்றைத் தடுக்காமல் வடிகட்டிக்கொண்டிருந்ததற்குச் சாட்சி. ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் மழைநீர் எங்கிருந்து இறங்குகிறது என்பதைப் பார்த்துச் சரிசெய்யாமல் எதையும் அடைக்கக் கூடாது.

ஃபோம் அடிக்கலாம், ஆனால் சன்னலுக்கென்றே விற்கப்படும், குறைவாக விரியும் பாலியூரித்தேன் ஃபோமாக இருக்க வேண்டும். அதிகம் விரியும் வகை இறுகும்போது சட்டத்தையே உள்ளே தள்ளிவிடும். பிறகு கதவு திறக்காது. சந்தை ஒரே மூச்சில் நிரப்பாமல் பாதிக்கும் குறைவாக அடித்து, அது விரிந்து அடங்கும் வரை பொறுத்து, குறை இருந்தால் மட்டும் மறுபடி அடியுங்கள். கையுறை கட்டாயம், தோலில் ஒட்டி இறுகிய ஃபோம் எளிதில் போகாது.

கேள்வி: பட்டைக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய கீறல்தான் உள்ளது. சிலிக்கான் போதுமா?

பதில்: வண்ணம் பூசுவதாக இருந்தால் அக்ரிலிக் சீலண்ட்டே (இடுக்கை அடைக்கும் பசை) ஏற்றது, சாதாரண சிலிக்கானின் மேல் பெயின்ட் பிடிக்காது. சுமார் 6 மி.மீ.க்கு மேற்பட்ட இடைவெளியில், அதைவிடச் சற்றே தடித்த நுரைக்கயிற்றை (இடைவெளியை நிரப்பும் பஞ்சு போன்ற கயிறு) முதலில் அழுத்தி நுழைத்து, அதன்மேல் சீலண்ட் இடுங்கள். கயிறு இருப்பதால் சீலண்ட் பின்புறம் ஒட்டாது; இரு பக்கங்களை மட்டும் பற்றினால்தான் அது சட்டம் விரிந்து சுருங்கும்போது கிழியாமல் நீளும்.

கேள்வி: திறந்து மூடும் கதவின் ஓரத்திலும் அதையே பூசலாமா?

பதில்: வேண்டாம், கதவு ஒட்டிக்கொள்ளும். அசையும் இடங்களுக்கு ரப்பர் பீடிங்கும் (ஓரத்தில் பொருத்தும் ரப்பர் பட்டை), பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் சன்னல்களுக்குத் தூரிகைப் பட்டையும் உள்ளன. ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அவ்விடத்தில் பீடிங் போதவில்லை.

கேள்வி: சட்டத்தின் வெளிப்புற அடியில் சிறு துளைகள் உள்ளன. அவற்றையும் அடைக்கட்டுமா?

பதில்: கூடாது. சட்டத்துக்குள் புகும் மழைநீர் வடிவதற்காகவே அவை விடப்பட்டிருக்கின்றன.

கேள்வி: எல்லாவற்றையும் அடைத்தால் மூச்சு முட்டாதா? குளியலறையில் எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருக்கிறது.

பதில்: மூச்சு முட்டுவதைவிட அந்த ஹீட்டரே கவலைக்குரியது. அறைக்காற்றைக் கொண்டு எரியும் கருவிக்குக் காற்று குறைந்தால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கென விடப்பட்ட காற்றுத் துளையைத் தொடாதீர்கள். புகைபோக்கியைத் தகுதியுள்ளவரிடம் காட்டி, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்திய பிறகே சன்னல் வேலையைத் தொடங்குங்கள்.