கட்டுரை எண்ணிக்கையையும், அவற்றை மற்றவர்கள் எத்தனை முறை எடுத்துக்காட்டினார்கள் என்ற மேற்கோள் கணக்கையும் வைத்து, நிதி பெற்ற மருத்துவ ஆராய்ச்சியை மதிப்பிடலாமா?

மதிப்பிடலாம். ஆனால் அந்தக் கணக்கை யார் எடுத்தது, எப்படி எடுத்தது என்று முதலில் விசாரியுங்கள். பெங்களூரில் ஒரு மருத்துவ ஆய்வு நிறுவன நூலகத்தில் நான்கு வருடம் அந்தக் கணக்கை எடுத்தவன் நான்.

நீங்கள் கேட்கிற தோரணையைப் பார்த்தால், உங்கள் புராஜெக்ட் முடிந்து பணம் கொடுத்தவர்கள் கட்டுரைப் பட்டியலைக் கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு ஆய்வாளர் பெயராகத் தேடி எக்செலில் ஏற்றுவது என் வேலை. திருநெல்வேலிக்காரப் பெண் டாக்டர் ஒருவர் சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பற்றி மூன்று வருடம் ஆய்வு செய்திருந்தார். என் பட்டியலில் அவருக்கு ஆறு கட்டுரை, நூற்றுச் சொச்சம் மேற்கோள். மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு முந்தின நாள் தாளோடு வந்து நின்றார்.

“தம்பி, அலுமினியத்துல விரிசல் விழுறதைப் பத்தி நான் எப்ப எழுதினேன்?”

அதே பெயர், அதே இனிஷியல், வேறு ஆள். பாதிக்கு மேல் மேற்கோள் அந்த அலுமினியத்துக்கு வந்தது. டாக்டரின் சொந்தக் கட்டுரைகள் இரண்டு என் வலையில் சிக்கவே இல்லை. அவற்றை வெளியிட்ட ஜர்னல் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கியிருந்தது. மகள் எழுதியது அப்பா கணக்கில் கிடந்தது.

தமிழனுக்கு இது எங்கே போனாலும் உள்ள தொல்லை. பல படிவங்களில் சர்நேம் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது. என் அப்பா போய்ச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. கூரியர்காரர் இன்றைக்கும் கீழே நின்று அவரைத்தான் கூப்பிடுகிறார். சரி, அதை விடுங்கள்.

“ஒழுங்காகத் தேடியிருக்க வேண்டியதுதானே” என்று யாராவது கிளம்புவார்கள். நாற்பது திட்டம், ஒரு வாரம், ஒரே ஆள். வந்து தேடிப் பாருங்கள். 2012-இல் வந்த ஆர்கிட் (ORCID) என்ற பதினாறு இலக்க அடையாள எண் இதற்காகத்தான் இருக்கிறது, இலவசம், முதலில் அதை வாங்குங்கள். கட்டுரையின் நன்றிப் பகுதியில் மானிய எண்ணையும் மறக்காமல் போடுங்கள். அது இல்லையென்றால் எந்தப் பணத்தில் எது விளைந்தது என்று என்னைப் போன்றவன் குத்துமதிப்பாகத்தான் எழுதுவான்.

மேற்கோளே குப்பை என்று நான் சொல்லவில்லை. அவசரம்தான் பிரச்சினை. கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற மருத்துவர், காலரா கிருமி சுரக்கும் நச்சைப் பற்றி 1959-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஆரம்பத்தில் சில வருடங்கள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் எவ்வளவு பெரிய வேலை செய்தார் என்று 1986-இல் எழுதியவர், மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டே. டே அதற்கு முந்தின வருடமே இறந்துவிட்டார். நாங்களோ திட்டம் முடிந்த ஆறாம் மாதத்தில் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அன்று ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து டாக்டரின் தாளைத் திருத்திக் கொடுத்தேன். மறுநாள் கூட்டத்தில், “போன வாரம் அனுப்பியதைவிட மேற்கோள் குறைந்திருக்கிறதே, ஏன்?” என்று ஒரு பெரியவர் கேட்டாராம். “அலுமினியத்தைக் கழிச்சிட்டோம் சார்” என்றாராம் டாக்டர்.