முரணைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு என்ன படிப்பு?

உங்கள் கடிதமும் மகளின் கட்டுரைகளும் கிடைத்தன. ஆங்கில எழுத்துத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது, பயிற்சி மையத்தில் "இணைப்புச் சொற்கள் போதவில்லை" என்று சொன்னது, உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வது எல்லாம் சேர்ந்து உங்களைத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது. பயப்படும்படி எதுவும் இல்லை. ஆனால் இந்த ஆறுதலோடு நான் நிறுத்திக்கொண்டால் நீங்கள் பெரிய தொகையைத் தவறான இடத்தில் கட்டிவிடுவீர்கள். உங்கள் அண்ணன் சொல்லும் ஓராண்டு ஆங்கில எழுத்து டிப்ளோமா வேண்டாம். அதற்கடுத்த மேலாண்மைப் பட்டமும் வேண்டாம்.

டிப்ளோமாவின் பாடத்திட்டத்தைப் பார்த்தேன். பாதிக்கு மேல் முரண் காட்டும் ஆங்கில இணைப்புச் சொற்களின் பட்டியல்தான்: ஹவ்எவர், நெவர்தலெஸ், ஆன் தி கான்ட்ரரி, இன் ஸ்பைட் ஆஃப். மனப்பாடம் செய்து பத்திக்கு இரண்டு போடச் சொல்கிறார்கள். இது தேர்விலேயே எடுபடாது. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் எழுத்துத் தாளைத் திருத்த நான்கு அளவுகோல்கள் உண்டு, நான்குக்கும் சம மதிப்பு. அவற்றில் ஒன்றுதான் கருத்துத் தொடர்ச்சியும் பிணைப்பும். இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் போடுவதும் இயந்திரம் மாதிரிப் போடுவதும் நடுத்தர நிலைகளின் அடையாளம் என்று அந்த அளவுகோலே சொல்கிறது. மேல் நிலைக்குப் போகப் போகப் பிணைப்பு வாசகரின் கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும்.

மகளின் கட்டுரைகளில் குறை இல்லாமல் இல்லை. ஹவ்எவருக்கு முன்னால் வெறும் காற்புள்ளி போட்டு இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டுகிறாள். அங்கே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். டெஸ்பைட்டுக்குப் பின்னால் ஆஃப் சேர்க்கிறாள். ஆல்தோவில் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் மறுபடியும் ஒரு பட் வைக்கிறாள். ஒரு நல்ல இலக்கணப் புத்தகமும் சில வாரப் பயிற்சியும் இருந்தால் இவை சரியாகிவிடும்.

நான் அதிக நேரம் பார்த்தது வேறொன்றை. கட்டுரைகளுக்கு நடுவே, அவள் பென்சிலால் திருத்திய தோழியின் உயிரியல் செயல்திட்ட அறிக்கையும் சேர்ந்து வந்துவிட்டது. "மாதிரிகளின் எண்ணிக்கை குறைவு. ஹவ்எவர், புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை" என்று தோழி எழுதியிருக்கிறாள். உங்கள் மகள் ஹவ்எவரை அடித்துவிட்டு ஓரத்தில் "இதில் என்ன முரண்?" என்று கேட்டிருக்கிறாள். அருமையான கேள்வி. மாதிரிகள் குறைந்தால், உண்மையில் இருக்கிற வேறுபாடுகூடக் கணக்கில் பிடிபடாமல் போகலாம். ஆக இரண்டாவது வாக்கியம் முதலாவதற்கு எதிரானது அல்ல, அதிலிருந்து எதிர்பார்க்கக்கூடியதே. அங்கே வேண்டியது காரணத்தைக் காட்டும் சொல்.

இன்னும் இரண்டு இடங்கள். ஒரு தொகுதிச் செடிகளுக்கு உரம், "வைல்" மற்றவற்றுக்கு வெறும் நீர் என்று இருந்ததை வேர்ஆஸ் என்று மாற்றியிருக்கிறாள். வைல் என்றால் ஒரே நேரத்தில் கொடுத்ததாகவும் படிக்கலாம், வேறுபாட்டைச் சொல்வதாகவும் படிக்கலாம். ஆய்வறிக்கையில் அந்தக் குழப்பம் கூடாது. அப்புறம், நொதி அமிலத்தில் மெதுவாகவும் காரத்தில் வேகமாகவும் வேலை செய்தது என்பதை ஆன் தி கான்ட்ரரி போட்டு இணைத்திருந்ததை, பை கான்ட்ராஸ்ட் என்று திருத்தியிருக்கிறாள். ஆன் தி கான்ட்ரரி ஒரு கூற்றை மறுக்கும்போது வருவது: இந்த மருந்து தீங்கற்றதல்ல, ஆன் தி கான்ட்ரரி, கல்லீரலைக் கெடுக்கிறது. இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட அது உதவாது. அந்த டிப்ளோமாவின் பட்டியலோ இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டிருக்கிறது!

இதைச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லும் தொழில் ஒன்று இருக்கிறது என்பது உங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஆசிரியர் வேலை, மொழிபெயர்ப்பு, பத்திரிகை எல்லாம் நீங்களே யோசித்திருப்பீர்கள். நான் சொல்வது அறிவியல் கட்டுரைகளைத் திருத்தும் எடிட்டர் வேலை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஏராளமான ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். ஆய்விதழ்கள், பதிப்பகங்கள், மருந்து நிறுவனங்கள், ஆய்வு நிலையங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆட்கள் தேவை.

வேலை எப்படி இருக்கும் தெரியுமா? ஆய்வாளரின் கோப்பைத் திறந்து, செய்யும் திருத்தங்களைக் காட்டும் ட்ராக் சேஞ்சஸ் வசதியை இயக்கிவிட்டு வரிவரியாகப் போவார்கள். எழுத்துக்கூட்டல், சுருக்கங்கள், அலகுகள் எப்படி வர வேண்டும் என்று ஸ்டைல் ஷீட் ஒன்று கூடவே வளரும். அது எளிய பகுதி. கடினமானது முன்னுரையில் வரும். இதுவரை தெரிந்ததைச் சொல்லி, ஹவ்எவர் என்று திரும்பி, இன்னும் தெரியாததைச் சொல்வது ஆய்வுக் கட்டுரை முன்னுரையின் வழக்கமான நடை. அந்தத் திருப்பம் தவறான வாக்கியத்தில் விழுந்தால் எந்த இடைவெளியை நிரப்ப வந்தார்கள் என்பதே வாசகருக்குப் புரியாது. ஒரே பத்தியில் இரண்டு ஹவ்எவர் வந்தால் ஆய்வாளர் கடைசியில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியாது.

முடிவுரையில் வரிசையும் முக்கியம். "மருந்து வேலை செய்கிறது, பட் பக்கவிளைவுகள் கடுமை" என்பதும் "பக்கவிளைவுகள் கடுமை, பட் மருந்து வேலை செய்கிறது" என்பதும் ஒரே தகவல்கள்தான். ஆனால் "பட்" என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதன் மேல்தான் வாசகரின் மனம் போய் நிற்கும். எந்த வரிசை சரி என்பதை எடிட்டர் தானே தீர்மானிக்கக் கூடாது. உள்ளே உள்ள அட்டவணையைப் பார்த்து, ஓரத்தில் கட்டுரையை எழுதியவருக்கு ஒரு கேள்வி எழுத வேண்டும். உங்கள் மகள் யாரும் சொல்லாமலே அப்படித்தான் கேட்டிருக்கிறாள்.

மென்பொருள் இதையெல்லாம் செய்துவிடாதா என்று கேட்பீர்கள். காற்புள்ளி, எழுத்துப்பிழை மட்டும் பார்த்துப் பிழைக்கும் வேலையை அது தின்றுகொண்டுதான் இருக்கிறது. அதனால் வெறும் ஆங்கிலப் படிப்பை நான் சொல்லவில்லை. அவளுக்குப் பிடித்த உயிரியலில் சாதாரண இளங்கலை போதும், கட்டணம் குறைந்த பொதுக் கல்லூரியில். கூடவே புள்ளியியல் ஒரு தாளாவது எடுக்கட்டும். பாடம் தெரிந்தவருக்குத்தான் இரண்டு முடிவுகள் உண்மையிலேயே மோதுகின்றனவா என்று சொல்ல முடியும், அந்தத் தீர்ப்புக்குப் பொறுப்பும் ஏற்க முடியும்.

பட்டத்துக்குப் பிறகு உயிரறிவியல் எடிட்டர்களுக்கென்றே ஒரு தகுதித் தேர்வு உண்டு. 1991-இல் தொடங்கிய பெல்ஸ் என்ற அமைப்பு நடத்துகிறது. இளங்கலையும் இரண்டு ஆண்டு அனுபவமும் பொதுவாகக் கேட்பார்கள். பிரிட்டனில் சிஐஇபி என்ற எடிட்டர்கள் சங்கம் குறுகிய பயிற்சிகள் தருகிறது. சேருமுன் கட்டணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வருமானம் மெதுவாகத்தான் ஏறும். தனியாக வேலை எடுப்பவர்களுக்கு மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் முதல் சில ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் மூத்த எடிட்டரின் கீழ் இருப்பது நல்லது. பெரிய கடன் தோளில் இருந்தால் இந்த மெதுவான தொடக்கத்தைத் தாங்க முடியாது. வீட்டை அடமானம் வைக்கும் பேச்சை இன்றே நிறுத்துங்கள்.

உங்கள் அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் மேலாண்மைப் படிப்பைப் பற்றி மகள் என்ன நினைக்கிறாள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவளைக் கேளுங்கள். கேட்கும்போது அவர் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

அவளுக்கும் எடிட்டிங் உண்மையிலேயே பிடிக்குமா என்று பார்க்க வேண்டுமே. இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆய்விதழ்களிலிருந்து வாரம் ஒரு கட்டுரை எடுக்கட்டும். முரண் காட்டும் ஒவ்வொரு சொல்லையும் அடிக்கோடிட்டு, எது எதோடு மோதுகிறது என்று ஒரு வரி எழுதட்டும். மோதல் இல்லாத இடத்தில் என்ன சொல் வர வேண்டும் என்றும் எழுதட்டும். இரண்டு மாதம் போதும். சலித்துவிட்டால் எடிட்டிங்கை விட்டுவிடலாம், உயிரியல் பட்டம் வீணாகாது. மேலாண்மைப் படிப்புக்கு முன்பணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். விண்ணப்பத்துக்குக் கொடுத்த பணம் போனால் போகட்டும்.