தலையடியும் ஸ்கானும்: கேள்வி பதில்

ஸ்கான் அறைகளில் வேலை செய்து ஓய்வு பெற்று, இப்போது கிளிநொச்சியில் இருக்கிறேன். டொக்டர் இல்லை, மருந்து கேட்காதீர்கள். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

பரந்தன்: அண்ணை, இரவில் கட்டாக்காலி மாட்டோடு மோதி மோட்டார் சைக்கிளால் விழுந்தேன். சி.டி. கிளியர். பத்து நாளாகியும் தலையிடி. ஏதும் தவறவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லைத் தம்பி. சி.டி. எடுப்பதே இரத்தக் கசிவும் மண்டையோட்டு வெடிப்பும் பார்க்கத்தான். இலேசான அடியில் படம் பெரும்பாலும் சுத்தமாகவே வரும். நரம்பிழைகளின் குழப்பம் அதில் தெரியாது. அனேகருக்குச் சில வாரங்களில், மிஞ்சினால் மூன்று மாதத்தில் தணியும். தலையிடி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. சுகமாகும் வரை சைக்கிளைத் தொடாதீர்கள். பிறகும் ஹெல்மெட் பட்டியைப் பூட்டுங்கள்.

மல்லாவி: சுகமாகிறதா என்று பார்க்க மாதாமாதம் சி.டி. எடுக்கலாமா?

வேண்டாம். கதிர்வீச்சுத்தான் மிச்சம்.

புதுக்குடியிருப்பு: மகளுக்கு எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார்கள். 2009இல் செல் துண்டு பட்டவள். பயமா?

கேட்டது நல்லது. எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம். இரும்புத் துண்டு கண்ணிலோ மூளையிலோ பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்திலோ இருந்தால் அசையலாம். உடம்பில் உலோகம் உண்டா என்று கேட்டால் நம் சனம் இல்லை என்றுதான் சொல்லும். பிளேட், கம்பி வைத்ததைக் கேட்கிறார்கள் என்று நினைப்பு. ஒரு அம்மா தாலி, கொண்டை ஊசி எல்லாம் கழற்றித் தந்துவிட்டார். உள்ளே விட முன் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தேன். பயறளவில் ஒன்று உருண்டது. “அது எப்பவோ ஆறின காயம் தம்பி” என்றார். எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது, பக்கத்தில் இன்னொன்றும். துண்டு இருந்தாலே எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது என்றில்லை. தசைக்குள் நெடுநாள் கிடப்பதோடு எடுத்தவர்கள் பலர். தீர்மானிப்பது கதிரியக்க மருத்துவ நிபுணர். பட்ட இடம் ஒவ்வொன்றையும் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி கையில் இருக்கட்டும்.

வவுனியா: கனடாவில் டி.டி.ஐ. என்று எடுத்து மூளை சுகமாவதைக் காட்டுகிறார்களாம். நீங்கள் ஏன் அதைப் பற்றிப் பேசுவதில்லை?

அது எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகை. நரம்பிழை வழியே நீர் பரவுவதை அளக்கும். அடிபட்டவர் கூட்டத்தையும் படாதவர் கூட்டத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஒற்றை ஆளின் படத்தை வைத்து இது அந்த அடியால் வந்தது என்று சொல்ல முடியாது. வயதும் பழைய அடியும் அந்த அளவை மாற்றும், மெஷின் மாறினாலும் மாறும்.

வவுனியா: சரி, ஒரே ஆளை, ஒரே மெஷினில் இரண்டு முறை எடுத்தால்?

ஆராய்ச்சியில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அடிபட முன் எடுத்த படம் உங்களிடம் இருக்கிறதா? ஆள் வேலைக்குத் திரும்பிய பிறகும் படத்தில் மாற்றம் மிஞ்சியிருப்பதுண்டு. அப்போது படத்தை நம்பி ஆளைப் படுக்க வைப்பீர்களா?

மாங்குளம்: அவர் கேட்பது நியாயம்தானே? இன்சூரன்ஸ்காரரும் படம்தான் கேட்கிறார்கள்.

அதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

முறிகண்டி: சி.டி. கிளியர், ஆனால் தலையிடி...

பரந்தன் தம்பிக்குச் சொன்னதேதான். ஹெல்மெட் உட்பட.

ஒட்டுசுட்டான்: அப்பாவுக்கு 72. போன மாதம் பனையடியில் வழுக்கி விழுந்தார், அப்போது ஒன்றுமில்லை. இப்போது நடை தள்ளாடுகிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குடிக்கிறார்.

வாசித்துக்கொண்டிராமல் இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள். வயதானவர்களுக்கு மூளைக்கு மேலே இரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்து, வாரக்கணக்கில் கழித்துத் தெரியவரும். சி.டி. வேண்டியது இவருக்குத்தான். வார்பரின் விஷயத்தை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.