எலிகளின் குரல் – கடிதம்

வணக்கம் சார்,

காட்டெலிகளின் ஒலியை ஆராய்கிறவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எலி பேசுவதைக் கண்டுபிடிக்க மென்பொருளே வந்துவிட்டதாமே? கூண்டில் எலியை வைத்துப் பதிவு செய்தால் முடிந்துவிடும் வேலைக்குக் காட்டில் ராத்திரி முழுக்க மைக்கை வைத்துக் காத்திருப்பது ஏன்? அப்புறம் ஒரு சொந்தச் சந்தேகம். பிளக்கில் செருகினால் எலியை விரட்டும் என்று அல்ட்ராசோனிக் கருவி விற்கிறார்களே, வேலை செய்யுமா?

ராஜேந்திரன், விருத்தாசலம்

அன்புள்ள ராஜேந்திரன்,

நீங்கள் சொல்வது டீப்ஸ்க்வீக்காக இருக்கும். 2019இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டது. ஒலிப்பதிவைப் படமாக மாற்றி, அதில் எங்கெல்லாம் எலியின் குரல் இருக்கிறது என்று தேடி, ஒரே சாயலில் உள்ளவற்றை வகைபிரித்துத் தரும். திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும் வேலை மிச்சம். அதோடு சரி. எலியின் பேச்சுக்கு அது அர்த்தம் சொல்லாது.

அர்த்தம் சொல்ல வேண்டுமென்றால் யார் கத்தியது, பக்கத்தில் யார் இருந்தார்கள், கேட்ட எலி என்ன செய்தது என்பதெல்லாம் தெரிய வேண்டும். கூண்டில் பருந்து வராது, பக்கத்து வளைக்காரன் எல்லை தாண்டி வரமாட்டான். அங்கே கிடைக்கும் குரல் பொய்யில்லை, ஆனால் எதற்காகக் கத்துகிறது என்பதில் பாதி விட்டுப்போகும்.

கலிபோர்னியாவின் கார்மெல் பள்ளத்தாக்கில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஆய்வுக்காடு இருக்கிறது. மட்டினா கல்கூனிஸ்-ரூப்பெல் குழுவினர் அங்கே பெரோமிஸ்கஸ் வகைச் சுண்டெலிகளின் அல்ட்ராசோனிக் குரல்களைப் பதிவு செய்து 2006இல் வெளியிட்டார்கள். இப்படிச் சொன்னால் சாதாரண வேலையாகத் தோன்றும். ஆனால் நம் காதுக்கு எட்டாத, 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அந்த ஒலியைக் காற்றே சீக்கிரம் விழுங்கிவிடும். இலைதழை குறுக்கே வந்தால் இன்னும் மோசம். எலி ஓடும் தடத்திலேயே மைக்கை வைக்க வேண்டும். அந்த அலைவரிசையும் காலியாக இருப்பதில்லை, மேலே வௌவால், புதரில் வெட்டுக்கிளி இனத்துப் பூச்சிகள்.

குரல் கிடைத்தாலும் கத்தியது எந்த எலி? அதற்காகப் பல மைக்குகளைப் பரப்பி வைக்கிறார்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். ஒரே கீச்சு எந்த மைக்குக்கு முன்னால் வந்தது, எதற்குப் பிந்தி வந்தது என்ற இந்தத் துளி வித்தியாசத்தை வைத்து, அது கிளம்பிய இடத்தைக் கணக்குப் போடலாம். எலியின் கழுத்தில் குட்டி ரேடியோ பட்டை, உடல் சூட்டைக் காட்டும் கேமரா. எல்லாம் ஒத்துப்போனால்தான் ‘இன்ன எலி, இன்ன இடத்தில்’ என்று எழுத முடியும்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்தது கனடா கதை. ரிச்சர்ட்சன் தரை அணில் என்று புல்வெளியில் வளை தோண்டி வாழும் ஒரு கொறிவிலங்கு. ஆபத்து வந்தால் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று கூச்சல் போடும், அது தெரிந்த சங்கதிதான். ஆனால் சில நேரம் வாயைத் திறந்து கத்துவதுபோலவே செய்யும், சத்தமே வராது. பக்கத்தில் நின்றால் காற்று போவது மட்டும் லேசாகக் கேட்கும். தொண்டை கட்டிப்போன பாட்டுக்காரர் போல. மானிடோபா பல்கலைக்கழகத்தின் டேவிட் வில்சனும் ஜேம்ஸ் ஹேரும் அல்ட்ராசோனிக் மைக்கை வைத்துப் பார்த்தார்கள். சுமார் 50 கிலோஹெர்ட்ஸில் முழுசாகக் கத்திக்கொண்டிருக்கிறது! பதிவை மற்ற அணில்களுக்குப் போட்டுக் காட்டியபோது அவை உஷாராயின. 2004இல் வெளியான ஆய்வு இது. எதிரி தூரத்தில் இருக்கும்போதுதான் இந்த ரகசியக் குரலை அதிகம் எடுக்கிறது என்று பிறகு கண்டார்கள். பருந்துக்கு இந்த ஒலி கேட்காது, தூரமும் போகாது. சொந்தக்காரர்களை எச்சரித்தாயிற்று, தன்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. வெட்டவெளியில் அணில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே பதிவு செய்ததால்தான் இது பிடிபட்டது.

விரட்டும் கருவிக்கு வருகிறேன். வாங்காதீர்கள். சுவரையும் பீரோவையும் அல்ட்ராசோனிக் ஒலி தாண்டாது, அதே ஒலியை விடாமல் கேட்கும் எலிக்கும் சில நாளில் பழகிவிடும். 2001இலேயே அமெரிக்க வர்த்தக ஆணையம் இவற்றைச் செய்து விற்கும் 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதே என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தக் காசுக்குக் கம்பிவலையும் கொஞ்சம் சிமெண்டும் வாங்கி, குழாய் சுவருக்குள் போகும் ஓட்டைகளை அடையுங்கள். சுண்டுவிரல் நுழைகிற சந்து இருந்தால் சுண்டெலிக்குப் போதும்.