டிக்ரி கையில் இருக்கிறது, வீடு மனைவி பெயரில் இருக்கிறது

கேள்வி: அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு தொழில் செய்கிறேன். ஒரு ஏஜென்சிக்குச் சரக்குக் கொடுத்ததில் 9,60,000 ரூபாய் பாக்கி. வழக்குப் போட்டு வட்டியோடு டிக்ரி (பணத்தைக் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை) வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. வட்டி சேர்த்து இன்றைக்குப் பதின்மூன்று லட்சத்தை நெருங்கும். ஏஜென்சி அதை நடத்தும் ஒருவருடையது மட்டும், டிக்ரியும் அவர் பெயரில்தான். டிக்ரி ஆன நாலாவது மாதம் அவரைக் கைது செய்யக் கேட்டு இ.பி. (டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) போட்டோம். வருமானம் இல்லை என்று வாய்தா வாய்தாவாக இழுத்தார். ஆனால் காரில்தான் போகிறார். ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் "கோர்ட்டிலேயே வாங்கிக்கோ" என்று சிரித்தார். சென்ற மாதம் வில்லங்கம் போட்டுப் பார்த்தால், டிக்ரி ஆகி எட்டாவது மாதமே தன் வீட்டை மனைவிக்குச் செட்டில்மெண்ட் (விலை வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதியிருக்கிறார். இன்னும் அதில்தான் குடியிருக்கிறார். இப்போது ஆள் விட்டு, எட்டு லட்சம் ரொக்கமாக மூன்று தவணையில் தருகிறேன், கேஸை முடித்துக்கொள் என்கிறார். அவரை ஜெயிலில் போட முடியுமா? மோசடி என்று போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்:

கல்யாண வீட்டில் அவர் சிரித்தது, கார், பழைய வக்கீல் மேல் உங்களுக்குள்ள வருத்தம் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். இவற்றில் எதுவும் ஒரு ரூபாயைக் கொண்டுவராது. போலீஸ் புகாரும் அப்படித்தான். சிவில் நீதிமன்றம் தீர்த்துக் கொடுத்த பணத்துக்குக் காவல் நிலையத்தில் போய் நின்றால் "கோர்ட்டில் பாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள்.

உங்கள் விஷயத்தில் சட்டப்படி கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. டிக்ரி ஆன நாளுக்கும் செட்டில்மெண்ட் பதிவான நாளுக்கும் நடுவில் எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதத்தில் வீட்டின் மேல் ஜப்தி, அதாவது கடனுக்காகச் சொத்தை முடக்கும் நீதிமன்ற உத்தரவு, இல்லை. ஜப்தி இருந்திருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 64-வது பிரிவின்படி அதற்குப் பிறகு அவர் எழுதிய பத்திரம் உங்களுக்கு எதிராகச் செல்லாது. ஜப்தி இல்லாததால் பத்திரம் இன்றைக்கு உயிரோடு இருக்கிறது. அதை உடைக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

கைது மனுவை முதலில் போட்டதுதான் இதற்கு வழிவிட்டது. வாரண்ட் என்றால் பயந்து பணத்தைக் கொண்டுவந்து வைப்பார் என்று கட்சிக்காரர்கள் கேட்கிறார்கள், வக்கீல்களும் போட்டுவிடுகிறார்கள். ஆனால் பண டிக்ரிக்குக் கைது கேட்டால் முதலில் அவருக்கு நோட்டீஸ் போகும். அந்த நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே, நீங்கள் வசூலுக்குக் கிளம்பிவிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். உங்கள் இ.பி. நாலாவது மாதம், அவருடைய பத்திரம் எட்டாவது மாதம். இரண்டுக்கும் உள்ள தொடர்பை நான் விளக்கத் தேவையில்லை. டிக்ரி ஆகி இரண்டு ஆண்டுக்குள் சொத்து ஜப்திக்குப் போட்டால் அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21 விதி 22-ன் முன் நோட்டீஸ் தேவைப்படாது. அந்த வசதி உங்கள் கையில் இருந்தும் பயன்படாமல் போய்விட்டது.

ஜெயில் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் உள்ளே வைக்க முடியாது. வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுக்கிறார் என்று நீங்கள் காட்ட வேண்டும். 1980-லேயே நீதியரசர் கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்றத்தில் இதைத் தெளிவாக எழுதிவிட்டார். காட்டினாலும் கிடைப்பது அதிகபட்சம் மூன்று மாதம், அந்த மூன்று மாதமும் அவருடைய சாப்பாட்டுப் படியை நீதிமன்றத்தில் கட்ட வேண்டியது நீங்கள். வெளியே வந்த பிறகு கடன் அப்படியே நிற்கும், ஆனால் அதே டிக்ரிக்கு அவரை மறுபடி கைது செய்ய முடியாது. அந்த மனுவை இத்தோடு விடுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். சொத்து மாற்றுச் சட்டம் 53-வது பிரிவு, கடன் கொடுத்தவர்களை ஏய்க்கும் எண்ணத்தோடு செய்த மாற்றத்தைக் கடன் கொடுத்தவர் ரத்தாக்கிக்கொள்ளலாம் என்கிறது. டிக்ரிக்குப் பிறகு, கைது நோட்டீஸுக்குப் பிறகு, காசு எதுவும் வாங்காமல், மனைவிக்கு, இன்னும் தானே குடியிருக்கும் வீட்டை எழுதியிருக்கிறார். இதைவிடப் பொருத்தமான உண்மைகள் எளிதில் அமையாது. செட்டில்மெண்டைப் பொருட்படுத்தாமல் அந்த வீட்டையே அதே ஆணை 21-ன் விதி 54-ன் கீழ் ஜப்தி செய்யக் கேளுங்கள். மனைவி விதி 58-ல் ஆட்சேப மனு போடுவார். அங்கே இந்த 53-வது பிரிவை உங்கள் எதிர்வாதமாக வையுங்கள், அதே மனுவில் உரிமை முடிவாகும். வீடு அவர் பெயரில் இல்லையே என்று இ.பி.யைத் திருப்பும் நீதிமன்றங்களும் உண்டு. அதனால் பிரமாணப் பத்திரத்தில் தேதிகளை வரிசையாக எழுதி, செட்டில்மெண்ட் நகலையும் கைது நோட்டீஸ் அவருக்குச் சேர்ந்ததைக் காட்டும் தாளையும் சேர்த்தே கொடுங்கள். இப்போது இரண்டு ஆண்டு தாண்டிவிட்டதால் நோட்டீஸ் கேட்கக்கூடும். நோட்டீஸ் கொடுத்தால் நோக்கமே கெட்டுவிடும் என்று காரணம் காட்டி, விதி 22(2)-ன் கீழ் அது இல்லாமலே உத்தரவு கேளுங்கள். வீட்டை ஜப்தி செய்யவே நீதிமன்றம் மறுத்தால், செட்டில்மெண்டை ரத்துச் செய்யத் தனி வழக்குப் போட வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுதான். பத்திரம் பதிவான தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், எனக்கு இப்போதுதான் தெரியும் என்ற வாதத்தை நம்பி இருக்க வேண்டாம்.

டிக்ரிக்குப் பன்னிரண்டு வருடம் ஆயுள் இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். டிக்ரிக்கு இருக்கிறது. சொத்துக்கு அப்படி ஓர் ஆயுள் இல்லை. அந்த அம்மா நாளைக்கே வெளியாளுக்கு விற்றால், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரை 53-வது பிரிவே காப்பாற்றிவிடும். அப்புறம் இந்த வாதம் எதற்கும் உதவாது.

இனி நான் அதிகம் பயப்படுவது அந்த எட்டு லட்சத்தைப் பற்றி.

என்னிடம் வந்த ஒரு இயந்திர உதிரிபாக வியாபாரி. பெரிய பாடுபட்டுக் கடனாளியின் காலி மனையை ஜப்தி செய்துவிட்டோம், ஏல அறிவிப்புக்குத் தேதி போட்டாயிற்று. அதற்கு நான்கு நாள் முன்பு கடனாளி சொந்தக்காரர்கள் இரண்டு பேரோடு அவருடைய கடைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு ஆறு காசோலை. இவரும் மனம் இளகி, இ.பி.யை வலியுறுத்தவில்லை என்று அவர்களே டைப் அடித்துக்கொண்டு வந்த மெமோவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்குச் சொன்னது மறுநாள். நீதிமன்ற உத்தரவு ஒரே வரி: மெமோ பதிவு செய்யப்பட்டது, மனு தள்ளுபடி. ஜப்தி தொடருமா தொடராதா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. விதி 57 அந்த இடத்துக்கென்றே இருக்கிறது. மனுவைத் தள்ளும்போது ஜப்தி தொடரும் என்று நீதிமன்றம் சொல்லாவிட்டால் அது நின்றுவிட்டதாகவே பொருள். பதினோராம் நாள் மனை விற்பனையானது. முதல் காசோலை வந்தது, இரண்டாவது "போதிய பணமில்லை" என்று திரும்பியது. அவர் கையில் டிக்ரி அப்படியே இருந்தது, பிடிக்கத்தான் சொத்து எதுவும் இல்லை. திரும்பி வந்த அந்தக் காசோலையை மேசை மேல் வைத்துவிட்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இன்னொரு வகை இதைவிட மோசம். காசோலையை வாங்கிக்கொண்டு "டிக்ரித் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுப்பது. விதி 2-ன் கீழ் முழுத் திருப்தி, அதாவது தொகை முழுவதும் தீர்ந்தது என்று, பதிவாகிவிட்டால் டிக்ரியே செத்துவிடுகிறது. காசோலை திரும்பினால் காசோலை வழக்குதான் மிச்சம். இத்தனை வருடம் நடந்து வாங்கிய டிக்ரியைக் கொடுத்துவிட்டுப் புது வழக்கு ஒன்றை வாங்கிக்கொண்டது போல ஆகும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, சமரசம் செய்யுங்கள் என்றே உங்களுக்குச் சொல்கிறேன். வீட்டுக்காக மனைவியோடு நடக்கும் சண்டை ஆட்சேப மனு, அப்பீல் என்று போகும். 2021-ல் உச்ச நீதிமன்றம் நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்கச் சொன்னது உண்மைதான், ஆனால் ஆட்சேபம் வந்த இ.பி. ஆறு மாதத்தில் முடியும் என்று நம்பி நீங்கள் கணக்குப் போட வேண்டாம். ஏலம் வரை போனாலும், உங்களைப் போல அவர்மேல் பண டிக்ரி வைத்திருக்கும் வேறு யாராவது ஏலப் பணம் நீதிமன்றத்துக்கு வருமுன் அங்கே நிறைவேற்று மனு போட்டிருந்தால், 73-வது பிரிவின்படி விகிதப்படி பங்கு போகும். உங்களுக்கு மட்டும்தான் அவர் பாக்கி வைத்திருப்பார் என்று நினைக்காதீர்கள். வீட்டின் மேல் வங்கி அடமானம் இருந்தால் வங்கிதான் முதலில். ஆகவே பதின்மூன்று லட்சத்தில் பத்து லட்சத்துக்கு முடிந்தால் முடித்துவிடுங்கள். ஒன்பதரை லட்சத்துக்கு அவர் ஒத்துவந்து, முழுவதும் ஒரே தவணையில் வங்கி வரைவோலையாகக் கொடுத்தால் அதையும் நான் வாங்கச் சொல்வேன். எட்டு லட்சம் ரொக்கம், மூன்று தவணை என்பது வேண்டாம். ஒரே விவகாரத்தில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரி அபராதம் வரும். அது கொடுத்தவருக்கு அல்ல, வாங்கிய உங்களுக்கு. தவணையாகப் பிரித்தாலும் விவகாரம் ஒன்றுதான்.

பேச்சை ஜப்திக்குப் பிறகு வையுங்கள், அதற்கு முன் அல்ல. ஜப்தி ஆகி, வில்லங்கத்தில் அது ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு அவர் பேசும் தொகையே வேறாக இருக்கும். சமரச மெமோவை நீங்களே எழுத வையுங்கள். அதில் மூன்று விஷயம் விடக்கூடாது: இந்தத் தேதிக்குள் இந்தத் தொகை வராவிட்டால் வந்தது போக மீதி டிக்ரி முழுவதும் வட்டியோடு உயிர் பெறும், கடைசி ரூபாய் வரும்வரை இ.பி. நிலுவையில் இருக்கும், அதுவரை ஜப்தியும் தொடரும். மனைவியையும் அதில் கையெழுத்துப் போட வையுங்கள், வீட்டின் மேல் ஜப்திக்குத் தனக்கு ஆட்சேபமில்லை என்று. வரும் ஒவ்வொரு தொகையையும் பகுதித் திருப்தியாக மட்டும் பதியுங்கள்.

இன்னொன்று, இதில் செலவும் குறைவு. பழைய பாங்க் ஸ்டேட்மெண்டை எடுத்து, உங்களுக்கு அவர் எந்தக் கணக்கிலிருந்து பணம் அனுப்பினார் என்று பாருங்கள். அந்தக் கணக்கில் இருப்பு இருந்தால் விதி 46-ஏ வழியாக வங்கியையே நீதிமன்றத்தில் கட்டச் சொல்லலாம். ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்), சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கு என்றால் பயன் இல்லை, வங்கி தரச் சம்மதித்த கடன் வரம்பு அவருடைய பணம் அல்ல. அவருக்கு இன்னும் பாக்கி தர வேண்டிய கடைக்காரர்கள் யாரையாவது தெரிந்தால் அவர்கள் மேலும் இதே மனுப் போடலாம். கூடவே விதி 41-ல் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் கேளுங்கள். அந்த உத்தரவை மீறினால் அதற்கே மூன்று மாதம் வரை சிவில் சிறை உண்டு, அவரை உள்ளே வைக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதற்கு அதுதான் கிட்டத்தில் உள்ள வழி.

நாளைக்குச் செய்ய வேண்டியது, செட்டில்மெண்ட் பதிவான தேதியிலிருந்து இன்றுவரை அந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது. சென்ற மாதம் எடுத்ததை நம்பி இருக்காதீர்கள். வீடு இன்னும் மனைவி பெயரிலேயே இருந்தால் இந்த வாரமே ஜப்தி மனு உள்ளே போக வேண்டும். எட்டு லட்சத்தோடு வந்த ஆளிடம் அதுவரை "யோசித்துச் சொல்கிறேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள்.